மிஷினுக்குச் சொன்ன நேரம்

ஒரு மிஷினைக் குளிராக வைத்திருப்பதுதான் எனக்குத் தந்த வேலை. அதற்கு முன் குச்சவெளியில் மீன்வாடி ஒன்றில் கருவாடு புரட்டியிருக்கிறேன். தோப்பூர்ப் பக்கம் வயல்களில் நெல் அரிவு வெட்டி, சூடு அடித்திருக்கிறேன். உப்பளத்தில் நின்று கால் வெடித்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவன் அல்ல. எண்பதுகள் தொடங்கிய நேரம் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன். ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்த ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில், கொம்பியூட்டர் அறைக்கு ஆள் தேவை என்றார்கள். கொம்பியூட்டர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஜெனரேற்றரை இயக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தெரியும் என்றேன்.

இரண்டு அலுமாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல இருக்கும் அந்த மிஷின். ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வெளியே சட்டை முதுகில் ஒட்டும் வெயிலில், உள்ளே தட்டெழுத்துப் பெண்பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருப்பார்கள். குளிர்மிஷினின் தண்ணீர் சொட்டும் வாளியை ஊற்றுவது, தரையைத் துடைப்பது, மின்சாரம் போனால் பின்பக்கம் ஓடிப்போய் ஜெனரேற்றரைச் சுழற்றுவது, இவை என் பொறுப்பு. அந்த அறையில் ஈ இல்லை, எறும்பு இல்லை. ஒரே மாதிரியான இரைச்சல் மட்டும் இருந்தது. சில நாட்களில் வீட்டுக்குப் போன பிறகும் அது காதுக்குள் இருக்கும்.

சாமான் கணக்கோடு சேர்த்து அந்த மிஷினுக்குள் ஆட்களையும் வைத்திருந்தார்கள். துறைமுகத்துக்குள் போய்வர யார் யாருக்கு அனுமதி உண்டு, அவர்களுடைய பாஸ் இலக்கம் என்ன என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. என் பெயரும் அதில் ஒன்று. முன்பு துறைமுக வாசலில் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து உள்ளே விடுவார்களாம். நான் வந்தபோது அந்தக் காலம் போய்விட்டது. வாசலில் சிப்பாய்கள் துவக்கோடு நின்றார்கள். வாரத்துக்கொரு தடவை மிஷின் அச்சடித்துத் தரும் பட்டியல் அவர்கள் கையில் இருக்கும். கையில் உள்ள பாஸைவிட அந்தப் பட்டியலைத்தான் அவர்கள் நம்பினார்கள். பாஸை யாரும் அச்சடிக்கலாம், பட்டியல் மிஷினில் இருந்து வருகிறது என்பது அவர்களுடைய நியாயம்.

மிஷின் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பல வருடங்களாகத் திருகோணமலையில் குடியிருந்தவர். நாங்கள் ஐயா என்போம். கண்டிப்பானவர், ஆனால் கேட்டால் சொல்லித் தருவார். வியாழக்கிழமை பின்னேரம் மிஷினில் உள்ள முழுப் பதிவையும் ஒரு நாடாவில் பிரதி எடுப்பார்கள். அதன்பின் நடக்கிற ஒவ்வொரு மாற்றமும், ஒரு ஆளைச் சேர்த்தாலும் நீக்கினாலும், நேரத்தோடு இன்னொரு நாடாவில் வரிவரியாக எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். எதற்கு இரண்டு என்று ஒருநாள் கேட்டேன்.

"வீடு எரிஞ்சு போச்செண்டு வை," என்றார். "வியாழக்கிழமை இருந்த வீட்டைத் திருப்பிக் கட்டுவம். பிறகு அந்த வீட்டுக்குள்ள நடந்ததெல்லாத்தையும் ஒண்டொண்டாத் திருப்பி நடத்துவம். செத்தவன் திருப்பிச் சாகவேணும். பிறந்தவன் திருப்பிப் பிறக்கவேணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஐயாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பஞ்சாங்கத்தில் இருந்து ராகு காலப் பக்கத்தை வெட்டி, நாடா வைக்கும் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எதையும் தொடங்கமாட்டார். ராகு காலத்தில் மின்சாரம் போய்வந்தால், அது கழியும் வரை மிஷினைத் திரும்ப ஏற்றி இயக்காமல் கைகட்டிக்கொண்டு கதிரையில் இருப்பார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மேல்மாடி மனேஜருக்கு அது ஒருநாள் தெரியவந்து, நல்ல ஏச்சு விழுந்தது. அதன்பின் ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். மிஷினை ஏற்றும்போது அது முதலில் நேரத்தைக் கேட்கும். நாம் என்ன அடிக்கிறோமோ அதுதான் அதற்கு நேரம். ராகு காலத்தில் ஏற்ற நேர்ந்தால், ராகு காலம் தொடங்குவதற்குச் சற்று முந்திய நேரத்தை அடிப்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினை நிறுத்தி மணியைச் சரிப்படுத்திவிடுவார்.

இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "ஐயா ராகுவைப் பேய்க்காட்டுறார்," என்று ஒரு பிள்ளை சொல்லும்.

"ராகுவைப் பேய்க்காட்ட ஏலாது பிள்ளை," என்பார். "தொடங்கின நேரம் எண்டு பதிவில நல்ல நேரம் இருந்தாக் காணும்."

நான் வாடகைக்கு இருந்த அறையில் என்னோடு கிண்ணியாக்காரர் ஒருவர் இருந்தார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போகும் வத்தையில் வேலை. முஸ்லிம் ஆள், அண்ணன் முறைக்கு நான் காக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடியவர். கிழமைக்கொரு தடவை ஊருக்குப் போய் மனைவி பிள்ளைகளைப் பார்த்து வருவார். அந்த மாரியில் ஒருநாள் வத்தையில் குனிந்தபோது அவருடைய பாஸ் சட்டைப் பையில் இருந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. மனேஜரிடம் விண்ணப்பம் கொடுத்து, வெள்ளிக்கிழமை காலை புதிய பாஸ் எடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

தொலைந்த பாஸுக்கு ஒரு முறை உண்டு. முதலில் அந்த ஆளை ரத்துச் செய்ய வேண்டும். பிறகு புதிய இலக்கத்தோடு திரும்பவும் சேர்க்க வேண்டும். பத்தரை மணி தாண்டியிருக்கும், பிள்ளை அவரை ரத்துச் செய்து முடித்தாள். மின்சாரம் போனது. மழையில் நனைந்திருந்த ஜெனரேற்றர் நான் எவ்வளவு சுழற்றியும் பிடிக்கவில்லை. மசி பட்ட கையோடு திரும்பி வந்தபோது, அலுவலகக் கதவோரம் கிடந்த மர வாங்கில் இருந்தபடி காக்கா கேட்டார்.

"இப்ப என்னை அழிச்சாச்சு, இன்னும் எழுதல்ல. கரண்ட் வார மட்டும் நான் ஆரு தம்பி?"

"ஆருமில்ல காக்கா," என்றேன். "கடன்காரர் வந்தாத் தேட ஏலாது." பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. ஐயா அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்தார், மேல்மாடியைப் பார்த்தார், பத்து இருபது என்று நேரம் அடித்து மிஷினை ஏற்றினார். பிள்ளை காக்காவைச் சேர்த்தாள். அவர் புதிய பாஸை வாங்கிக்கொண்டு ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று குடையை விரித்துப் போனார்.

அன்று பின்னேரம் இடி இறங்கியது. எங்கே விழுந்ததென்று தெரியாது, வெளிச்சம் மட்டும் பலகை இடுக்குகளால் உள்ளே வந்தது. மிஷினின் இரைச்சல் மாறிப்போனது. தேங்காய் துருவும்போது துருவலைப் பல் சிரட்டையில் படுமே, அந்தச் சத்தம். ஐயா பாய்ந்து போய் எல்லாவற்றையும் நிறுத்தினார். எரிந்த மணம் வந்தது. அவர் மூடியைத் திறந்து கருப்புத் தட்டில் விழுந்திருந்த வட்டக் கீறலைக் காட்டினார். சாமான், ஆட்கள், எல்லாம் அந்தத் தட்டில்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் இருந்து சிங்கள இஞ்சினியர் ஒருவர் புதிய தட்டோடு ஜீப்பில் வந்தார். இளையவர், அதிகம் பேசாதவர். வியாழக்கிழமைப் பிரதியை ஏற்றினார். மாற்றங்கள் எழுதிய நாடாவைப் போட்டு ஒவ்வொரு வரியையும் திரும்ப நடத்தினார். கடைசியில் ஒரு வரி பாதியில் நின்றது. இடி விழுந்தபோது ஒரு பிள்ளை யாருடைய பெயரையோ அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முடியாத வரியை எறிந்துவிட வேண்டும், அதுதான் விதி என்று அவர் சொன்னதாக ஐயா எனக்குச் சொன்னார். பிள்ளை மறுநாள் வந்து திரும்ப அடித்துக்கொள்ளலாமாம். எறியப்பட்ட அந்த ஆள் யாரென்று நான் யோசித்துக்கொண்டு வாளியை ஊற்றினேன்.

புதிய பட்டியலை அச்சடித்தார்கள். வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை காக்காவும் நானும் ஒன்றாகத்தான் இறங்கி வந்தோம். நான் அலுவலகத்துக்குத் திரும்பும் முடக்கில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். வாசல் அங்கிருந்து தெரியும். காவலாளி பாஸை வாங்கினான். பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். விரல் ஓரிடத்தில் நின்றது. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். காக்கா கையை அசைத்து ஏதோ விளக்கம் சொல்வது தெரிந்தது. பிறகு அவரை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல் இல்லாத சீமெந்துக் கொட்டிலுக்குள் கொண்டுபோனார்கள். அவர் குடை மதிலில் சாய்ந்தபடி வெளியே நின்றது.

அந்தக் கொட்டிலில் பிடித்து வைப்பவர்களை ஏற்றிப்போகப் பொழுது சாயும் நேரம் ஒரு லொறி வரும். அதில் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலரைப் பற்றி அவர்களுடைய வீட்டார் கொஞ்ச நாள் கேட்டுத் திரிந்தார்கள்.

ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் வாசலுக்குப் போன் எடுத்தார். நீங்கள் தந்த பட்டியலில் இந்த ஆள் ரத்து என்று இருக்கிறது, ரத்தான ஆள் புதிய பாஸோடு வந்திருக்கிறான், அது எப்படி என்று அவர்கள் இவரைத் திருப்பிக் கேட்டார்கள். மனேஜர் கொழும்பில். விண்ணப்பமும் கொழும்புக்குப் போய்விட்டது. இப்போதே அவரைத் திரும்ப அடித்துச் சேர்க்க ஏலாதா என்று கேட்டேன். சேர்க்கலாம், ஆனால் இன்றைய திகதியோடுதான் பட்டியலில் விழும், பிடித்த பிறகு சேர்த்த பெயர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், அது அவரை இன்னும் கெடுக்கும் என்றார்.

மத்தியானம் காக்காவின் மனைவி வந்தார். யாரோ ஊருக்குச் செய்தி சொல்லி, துறையில் பாதைப் படகைப் பிடித்து அக்கரையில் இருந்து வந்திருந்தார். சோறு கட்டிய பாத்திரம் மடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை காக்கா இருந்த அதே வாங்கில் இருந்தார். அழவில்லை.

"லொறி எத்தினை மணிக்கு வரும் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது ராத்தா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

உள்ளே இஞ்சினியர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐயா ஞாயிற்றுக்கிழமை மிஷின் அடித்துத் தள்ளிய கடதாசி முழுவதையும் நிலத்தில் விரித்து, முழங்காலில் இருந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். திரும்ப நடத்தும்போது மிஷின் அங்கே ஒரு முறைப்பாடு எழுதியிருந்தது. ஏற்கெனவே இருக்கிற ஆளைத் திரும்பவும் சேர்க்கிறீர்கள் என்று. காக்காவின் பெயர். அதற்குக் கொஞ்சம் கீழே அதே பெயர் ரத்து.

இந்த வரிகளை எந்த ஒழுங்கில் நடத்தினீர்கள் என்று ஐயா ஆங்கிலத்தில் கேட்டார்; அவர்கள் பேசியதைப் பிறகு ஐயாதான் எனக்குச் சொன்னார். மிஷின் ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் நாடாவில் புதிய பகுதி தொடங்கும், எல்லாப் பகுதியையும் ஒன்றாக்கி நேரப்படி அடுக்கித்தான் நடத்தினேன், எங்கேயும் அப்படித்தான் செய்வது என்றார் இஞ்சினியர்.

ஐயா எழுந்து கதிரையில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குளிர்மிஷின் சொட்டுவது கேட்டது. அலுமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது, அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்காவிட்டால் அந்த இஞ்சினியர் ஜீப்பில் ஏறிப் போயிருப்பார். மனேஜரின் காதுக்குப் போனால் ஐயாவுக்கு அந்தக் கதிரை இல்லை. வெளியே அந்த மனுசி மடியில் பாத்திரத்தோடு இருந்தார்.

"பத்து இருபது எண்டு நான்தான் அடிச்சனான்," என்றார் என்னிடம், தமிழில். என்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். உண்மையில் பத்தரைக்குப் பின் ரத்து. அதற்குப் பின்தான் மின்சாரம் போய்வந்தது. அதற்கும் பின்தான் சேர்த்தது. ஆனால் மிஷினுக்குச் சொன்ன நேரத்தின்படி சேர்த்தது முந்தி, ரத்துப் பிந்தி. நேரப்படி அடுக்கினால் அந்த மனுசன் வந்து, பிறகு போய்விடுகிறான். ஏன் அப்படி நேரம் அடித்தீர்கள் என்று இஞ்சினியர் கேட்டபோது ஐயாவுக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. ராகு காலம் என்றார்.

"ராகு காலய?" என்றார் இஞ்சினியர், சிங்களத்தில்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன்னுடைய தாயும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துத்தான் தன்னை வீட்டை விட்டு வெளிக்கிட விட்டதாகச் சொன்னார். பிறகு கட்டிய பெட்டியை அவிழ்த்தார். நேரத்தை மறந்துவிடுவோம், நாடாவில் எது முன்னால் கிடக்கிறதோ அதுதான் முன்னால் நடந்தது என்றார்.

முதலில் இருந்து தொடங்க வேண்டும். தட்டைத் துடைத்து, வியாழக்கிழமைப் பிரதியை ஏற்றி, வரிகளைத் திரும்ப நடத்தி, இன்று காலை முதல் அடித்ததையும் கடைசியில் சேர்த்து. வானம் திரும்பவும் இருட்டியது. நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் மறுபடி முதலில் இருந்து. நான் பட்டணத்து மின்சாரத்தை நம்பாமல் முன்கூட்டியே ஜெனரேற்றரைப் போட்டு, மிஷினை அதில் மாற்றிவிட்டு, டீசல் கலனோடு பக்கத்திலேயே குந்தியிருந்தேன். ஏற்றும்போது மிஷின் வழக்கம்போல் நேரத்தைக் கேட்டதாம். ஐயா தன் கைமணிக்கூட்டைக் கழற்றி இஞ்சினியர் கையில் கொடுத்து, நீங்களே அடியுங்கள் என்றாராம்.

பட்டியலின் கடைசித் தாள் வெளியே வந்தபோது வாசலில் லொறிச் சத்தம் கேட்டது. ஐயா தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தார். நான் பின்னால். எனக்குப் பின்னால் காக்காவின் மனைவி. லொறி இயங்கியபடி நின்றது. பின்பலகை இறக்கியிருந்தது. கொட்டில் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

காவலுக்குப் பொறுப்பானவன் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே மிஷின், ஒரே ஆள், ஒன்றில் ரத்து, ஒன்றில் வெள்ளிக்கிழமை சேர்த்தது. எது சரி என்று சிங்களத்தில் கேட்டான். இது என்று ஐயா புதியதைக் காட்டினார். நாளைக்கு இன்னொன்று கொண்டுவந்து அதுதான் சரி என்பாயா என்று கேட்டான். ஐயா புதியதில் இருந்து விரலை எடுக்கவில்லை. மழைத்துளி விழத் தொடங்கியது. அவன் கொட்டில் பக்கம் தலையை அசைத்தான்.

காக்கா வெளியே வந்தார். உதடு வீங்கியிருந்தது. மதிலோரம் நின்ற தன் குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். லொறி மற்ற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. பழைய பட்டியலைத் திருப்பித் தரும்படி ஐயா கேட்டார். பொறுப்பானவன் அதை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தான்.

எங்கள் வாடகை அறையில் அவர் மனைவி சோற்றைப் பிரித்து வைத்தார். காக்கா கொஞ்சம்தான் சாப்பிட்டார். வாய் திறக்க ஏலாமல் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து என்னைப் பார்த்தார்.

"இப்ப உங்கட மிஷினில நான் இரிக்கிறனா?"

"ஓம் காக்கா. இருக்கிறீங்கள். நான் பார்த்தனான்."

"அப்ப எடுத்து உடச் சொல்லுங்க."

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன்.

"இல்லாட்டியும் புடிக்கிறான்," என்றார். "இரிந்தாலும் ஒருநாள் புடிப்பான். வாசலுக்கும் போகாம, பேரும் இல்லாம இரிந்தா ஆரும் தேடி வரமாட்டான்." மனைவி பாத்திரத்தைக் கட்டிக்கொண்டே, பேசாம இரிங்க என்றார். மறுநாள் காலை முதல் பாதைப் படகில் இருவரும் கிண்ணியாவுக்குப் போனார்கள். அவர் துறைமுக வேலைக்குத் திரும்பி வரவில்லை.

நான் ஐயாவிடம் சொன்னேன். இன்னொரு தடவை ரத்து என்று போட்டால், ஏன் ரத்து என்று வாசலில் கேட்பார்கள், கிடக்கட்டும், அசைக்காமல் விடுவோம் என்றார். மனேஜர் வந்து அவரை மேலே கூப்பிட்டார். என்ன நடந்ததென்று தெரியாது. அடுத்த கிழமை ஐயா சாமான் கிடங்குக்கு மாறிப் போனார். அலுமாரிக் கதவில் கடதாசி ஒட்டியிருந்த இடத்தில் நாலு பசை அடையாளம் இருந்தது. காக்காவின் பெயர் வாராவாரம் பட்டியலில் வந்துகொண்டிருந்தது. நான்தான் அதை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாரி முடிந்து காற்றுத் திரும்பிய பிறகு ஒருநாள் வேலை விட்டு வர, அறை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். சாதாரணச் சட்டை, ஆனால் சப்பாத்து சிப்பாய்களுடையது. பாஸ் இருக்கிற ஒரு ஆள் மாதக் கணக்காக உள்ளே வரவில்லை, எங்கே போனான் என்று கேட்டார்கள். காக்காவின் கட்டிலைப் பார்த்தார்கள். ஊர் எது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, வாடகைக்கு வந்த ஆள், சொல்லாமல் போய்விட்டார் என்றேன். ஒருவன் சட்டைப் பையில் இருந்து மடித்த தாள்கள் எடுத்து விரித்தான். மடிப்பில் கிழிந்து போயிருந்தன. காக்கா ரத்து என்று இருந்த, நான் அந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்த தாள்கள்.

உன் பெயர் என்ன என்று கேட்டான். சொன்னேன். விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். விரல் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாளை மடித்தான்.

விடிந்ததும் நான் குச்சவெளி பஸ்ஸில் ஏறினேன். மீன்வாடியில் என்னைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அங்கே யாரும் பெயர் எழுதுவதில்லை. மிஷினுக்குள் இருந்து என்னை எடுத்துவிடும்படி நான் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை.